டர்னர் மூழ்கடிக்காத கப்பல்: ஒரு பதிப்பாளருக்குத் திறந்த மடல்

பதிப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் நாவலின் இரண்டாம் பதிப்பை இந்த ஆண்டுப் புத்தகக் காட்சியில் உங்கள் அரங்கிலேயே காசு கொடுத்து வாங்கினேன். வீடு வரும்வரை பொறுக்கவில்லை. பஸ்ஸிலேயே பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன். விலைக்கும் பார்கோடுக்கும் இடையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், முதல் பதிப்பில் இருந்த அதே வரி: "அட்டைப் படம்: கப்பல் சேதம் (விக்டோரியா காலத்து எண்ணெய் ஓவியம்). நன்றி: இணையம்."

இந்த வரியைத் திருத்தச் சொல்லி எட்டு மாதங்களுக்கு முன் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தேன். உங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் படத்துக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது ஐயா, யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். நான்தானே கேட்கிறேன் என்றேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த பதிப்பு வந்துவிட்டது. போதாக்குறைக்கு அரங்கின் முகப்பில் ஆள் உயர ஃபிளெக்ஸில் அதே படம், அதே கோலத்தில் தொங்கியது. இனித் தனிக் கடிதம் எழுதிப் பயனில்லை என்று தோன்றியதால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்கள் பதிப்பகத்தின் பெயரையும் நாவலின் பெயரையும் குறிப்பிடப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். மற்ற பதிப்பாளர்களும் அட்டை வடிவமைப்பாளர்களும் தங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். இந்த நோய் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

அந்தப் படம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கே தெரியாதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதை வரைந்தவர் ஆங்கில ஓவியர் ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். 1842இல், தம் 67ஆம் வயதில், லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சியில் வைத்தார். இப்போது லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருக்கும் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றடி உயரம், நான்கடி அகலம், துணியில் எண்ணெய் வண்ணம். விக்டோரியா 1837இல் பட்டத்துக்கு வந்தவர் என்பதால், உங்கள் வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நான்கு சொற்கள் மட்டும் சரி. அதற்கு என் பாராட்டு.

அவர் வைத்த தலைப்பு நீளமானது. தமிழில் இப்படி வரும்: "பனிப்புயல்: துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு நீராவிப் படகு, ஆழம் குறைந்த நீரில் சைகை காட்டியபடி, ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்தபடி செல்கிறது. ஏரியல் ஹார்விச்சை விட்டுப் புறப்பட்ட இரவில் ஆசிரியர் இந்தப் புயலில் இருந்தார்." ஏரியல் என்பது கப்பலின் பெயர், ஹார்விச் இங்கிலாந்தில் ஒரு துறைமுகம். நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறவரைப் போல ஒரு தலைப்பு. கடைசி வாக்கியத்தில் அவர் தம்மை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஆசிரியர் என்கிறார். ஆசிரியர் பெயரை அட்டையில் எந்த இடத்தில், எந்த அளவில் போடுவது என்று நாள் கணக்கில் யோசிக்கிற தொழில் உங்களுடையது. தம்மை ஆசிரியர் என்று அழைத்துக்கொண்டு புயலுக்குள் நின்ற மனிதரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இணையத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள்.

சரி, பெயர் விட்டுப்போனது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். "கப்பல் சேதம்" என்று எழுதியதை எப்படி எடுத்துக்கொள்வது? தலைப்பை மறுபடி படியுங்கள். படகு சைகை காட்டுகிறது. அதில் ஒருவன் ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்க்கிறான். அந்தக் காலத்து மாலுமிகள் கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பு அப்பியிருக்கும். அடியில் இருப்பது மணலா, சேறா, சிப்பியா என்பது அந்தக் கொழுப்பில் ஒட்டி வரும். கயிற்றில் இடைவெளி விட்டுத் தோல் துண்டும் துணித் துண்டும் கட்டியிருப்பார்கள், இருட்டிலும் கையால் தடவி எத்தனை ஆழம் என்று சொல்ல. தரை தட்டிவிடக்கூடாது, வாயிலுக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று பாடுபடுகிற படகு அது. அந்தப் படத்தில் கப்பல் மூழ்கவில்லை. டர்னர் மூழ்கடிக்காத கப்பலை நீங்கள் ஒரே வரியில் மூழ்கடித்துவிட்டீர்கள்.

இதில் என்ன பெரிய வித்தியாசம், கடலில் கப்பல் தத்தளித்தால் ஏறத்தாழ அதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் நாகப்பட்டினத்துக்காரன். 1977 நவம்பர் 12 புயலின்போது எனக்கு 18 வயது. என் தாய்மாமன் அதற்கு இரண்டு நாள் முன்பு கடலுக்குப் போயிருந்தார். காணாமல் போனவர்கள் என்று சுவரில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் ஏறியது. அந்தப் பட்டியல் ஒரு செய்தித்தாளில் வந்தபோது "காணவில்லை" என்ற தலைப்பு "பலி" என்று மாறியிருந்தது. செய்தித்தாளில் வந்துவிட்டால் ஊருக்கு அது வேதம். அத்தையின் வளையலை உடைப்பதற்குக் கிழவிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் அம்மா மட்டும், உடல் வரட்டும், அதுவரை யாரும் அவள் கையைத் தொடக்கூடாது என்று வாசலில் நின்றுகொண்டாள். புயல் அடித்த நான்காம் நாள் மாலை மாமா தெற்கிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். வாடைக் காற்று படகைக் கோடியக்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இரவு முழுவதும் கல் கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி ஆழம் பார்த்ததைப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். ஏழு பாகம், ஐந்து பாகம், மறுபடி ஏழு. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். மூன்று பாகம் என்று வந்தால் படகு உடையும் என்று தெரியும். எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் பயம் தெரியவில்லை என்பார்.

அதற்குப் பிறகு அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஊரில் கடைசிவரை அவருக்குச் செத்துப் பிழைத்தவர் என்றுதான் பெயர். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "நான் எப்போது செத்தேன்?" என்று சண்டைக்குப் போவார். உங்கள் பின்னட்டை வரியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சண்டைதான். உங்கள் நாவலும் கடற்கரைக் குடும்பம் ஒன்றின் கதை என்பதால் இன்னும் உறைத்தது. நல்ல நாவல், அதையும் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது, என் தொழில் தொடர்பான வழக்கு. 1979இல் சென்னைக்கு வந்து 37 ஆண்டுகள் ஆஃப்செட் அச்சகங்களில் இருந்தேன். முதலில் கேமரா, பிறகு பிளேட், கடைசியில் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். முதல் பதிப்பு கைக்கு வந்த அன்று, படத்தில் ஏதோ சரியில்லை என்று கண் சொன்னது, என்னவென்று பிடிபடவில்லை. 2019இல் லண்டனில் வேலை பார்க்கும் என் மகளிடம் போயிருந்தபோது அருங்காட்சியகக் கடையில் வாங்கிய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு புத்தகத்தைக் கண்ணாடியின் முன் பிடித்தேன். கண்ணாடிக்குள் தெரிந்ததுதான் டர்னர் வரைந்த படம். நீங்கள் அச்சிட்டிருப்பது இடவலம் மாறியது.

காரணத்தையும் ஊகிக்க முடிகிறது. நாவலின் தலைப்பை வைக்க வெளிச்சமான இடம் தேவைப்பட்டிருக்கும். வெளிச்சம் வேறு பக்கம் இருந்திருக்கும். வடிவமைப்பாளர் ஒரு பொத்தானை அழுத்திக் கடலையே திருப்பிப் போட்டுவிட்டார். எங்கள் காலத்தில் பாசிட்டிவ் ஃபிலிமை மாற்றி வைத்தால் இந்தப் பிழை நேரும். நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு காலண்டருக்கு நடராஜர் படம். சிதம்பரத்து நடராஜர் இடக்கால் தூக்கி ஆடுகிறவர். என் கையில் ஃபிலிம் புரண்டுபோய் வலக்காலைத் தூக்கிவிட்டார். நாலாயிரம் தாள் ஓடி முடிந்த பிறகு, தாள் அடுக்க வந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில் அல்லவா, கீழே சிதம்பரம் என்று போட்டிருக்கிறதே" என்றார். அத்தனை தாளும் கழிவுக்குப் போனது. என் சம்பளத்திலிருந்து நான்கு மாதம் பிடித்தார்கள். அந்த முதலாளி மேல் இன்றுவரை எனக்குக் கோபம் இல்லை. தில்லை நடராஜருக்கு ஒரு நியாயம், டர்னருக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது என்பதுதான் என் கட்சி.

வெட்டியதையும் பேச வேண்டும். மூன்றுக்கு நான்கு என்று படுக்கையாக இருக்கும் படத்தை டெமி அளவில், ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், நிற்க வைத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அகலத்தில் பாதிக்கு மேல் வெளியே போய்விடுகிறது. இந்தப் படத்தின் உயிரே அந்தச் சுழலில் இருக்கிறது. கடலும் புகையும் பனியும் ஒன்றாகச் சுருண்டு, நடுவில் கம்பம்போல ஒரு பாய்மரமும் வெள்ளை வெளிச்சமும். இரண்டு பக்கமும் வெட்டினால் சுழல் போய்விடும், ஒரு கறுப்புப் படகும் நுரையும்தான் மிஞ்சும். அப்புறம் பார்க்கிறவனுக்கு அது சேதமான கப்பலாகத்தான் தெரியும். உங்கள் தவறான தலைப்பை உங்கள் கத்தரி மெய்யாக்கிவிட்டது.

நிறத்தில் சயானை, அதாவது அச்சின் நீல மையை, ஏற்றியிருக்கிறீர்கள். கடல் என்றால் நீலமாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூலத்தில் நீலம் கொஞ்சம்தான். சாம்பல், பழுப்பு, அழுக்கு வெள்ளை, ஓரிடத்தில் பச்சை கலந்த கறுப்பு. புயலில் கடலைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் தெரியும். கலக்கிவிட்ட வண்டல் நிறம்.

டேட் பிரிட்டனில் அந்தப் படத்தின் முன் நின்றது ஒரு பிற்பகல். பிம்லிகோ நிலையத்தில் இறங்கி நடந்து போனோம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க அங்கே டிக்கெட் கிடையாது. நம் ஊரில் கோயிலில்கூடச் சிறப்புத் தரிசனத்துக்குச் சீட்டு உண்டே என்று நினைத்துக்கொண்டேன். பேரன் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் மகளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன் போலிருக்கிறது. காவலுக்கு இருந்த பெண்மணி அருகில் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்குமாறு சொன்னார். தள்ளி நின்றால் படகு தெரிந்தது. கிட்டே போனால் கத்தியால் அப்பிய வண்ணம்தான் தெரிந்தது. மறுபடி தள்ளி நின்றேன். பக்கத்தில் இருந்த குறிப்புப் பலகையிலிருந்து அந்த நீண்ட தலைப்பை என் பாக்கெட் டைரியில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டேன். நான் இங்கிலீஷில் கெட்டி இல்லை. அர்த்தத்தை மகள் இரவில் சொன்னாள். ஈயக்குண்டு என்ற இடம் வந்ததும் நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன், அவளுக்கு அதுவரை தெரியாது.

இந்தப் படத்துக்கு அவமரியாதை புதிதல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1842இல் இதைப் பார்த்த விமர்சகர் ஒருவர் சோப்பு நுரையும் சுண்ணாம்புக் கரைசலும் என்று எழுதினார். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பதிவு செய்திருக்கிறார்: டர்னர் அன்று மாலை ரஸ்கின் வீட்டில் கணப்பருகே உட்கார்ந்து அதே சொற்களைத் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். கடல் எப்படி இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் அதற்குள் இருந்திருக்க வேண்டும் என்றாராம். வேறொரு சந்தர்ப்பத்தில், புரிய வேண்டும் என்று இதை வரையவில்லை, அப்படியொரு காட்சி எப்படி இருக்கும் என்று காட்டவே வரைந்தேன் என்றும், மாலுமிகளிடம் சொல்லித் தம்மைப் பாய்மரத்தில் கட்டச் செய்து நான்கு மணி நேரம் கிடந்ததாகவும் சொல்லியிருக்கிறார். பாய்மரக் கதையை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. ஏரியல் என்ற பெயரில் ஒரு கப்பல் ஹார்விச்சிலிருந்து அப்படிப் புறப்பட்டதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். அவருக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் வெர்னேயைப் பற்றியும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. எனக்கு அதில் கவலை இல்லை. கடற்கரையில் பிறந்த யாரும் புயல் கதையில் கொஞ்சம் உப்புக் கூட்டித்தான் சொல்வார்கள், என் மாமாவின் பாகக் கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டுதான் வந்தது. திட்டிய அந்த விமர்சகர்கூட யார் படம் என்று தெரிந்துதான் திட்டினார்.

தலைப்பு தவறானால் யாருக்கு நட்டம் என்று உங்கள் அலுவலகத்துத் தம்பி கேட்டார். ஒரு நட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள். உங்கள் நாவலைப் படித்துவிட்டு அட்டைப் படத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுத ஆசைப்பட்டாள். நீங்கள் கொடுத்த பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினாள். டர்னருக்குக் "கப்பல் சேதம்" என்ற பெயரிலேயே வேறொரு பெரிய ஓவியம் உண்டு, 1805இல் வரைந்தது. விக்டோரியா பிறப்பதற்கே 14 ஆண்டு முந்தியது. உண்மையிலேயே சேதமான கப்பல், தப்பிக்கத் தவிக்கும் படகுகள், எல்லாம் அதில் இருக்கின்றன. அவள் அந்தப் படத்தைப் பற்றி எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். அட்டையில் இருப்பது வேறு மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கே குழப்பம். அட்டை வடிவமைப்புக்காக மாற்றியிருப்பார்கள் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நீங்கள் செய்கிற காரியங்களைப் பார்த்தால் அந்தச் சமாதானத்தைக் குறை சொல்ல முடியாது.

இனி, இதைவிட வருத்தமான ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்களே வெளியிட்ட காதல் கவிதைத் தொகுப்பு. அட்டையில் தகதகவென்று ஒரு கடல் அந்தி. சிவப்பும் பொன்னுமாக வானம், நடுவில் நெடுக இறங்கும் சூரிய ஒளி. அதுவும் டர்னர்தான். 1840. இப்போது அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தலைப்பு: "அடிமை வணிகர்கள் இறந்தவர்களையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் கடலில் வீசுகிறார்கள். சூறாவளி வந்துகொண்டிருக்கிறது." முழுப் படத்தில், கீழே வலது பக்கம், விலங்கு மாட்டிய ஒரு கால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் மீன்கள் மொய்க்கின்றன. 1781இல் சாங் என்ற கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்துவிட்டு, சரக்கு நட்டம் என்று காப்பீட்டுப் பணம் கேட்டார்களே, அந்தக் கொடுமையோடு சேர்த்துப் பேசப்படும் ஓவியம் இது.

ரஸ்கினின் தந்தை இதை வாங்கி மகனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தக் கடலின் நிறங்களைப் பக்கம் பக்கமாக வியந்து எழுதிய ரஸ்கின், இது அடிமைக் கப்பல் என்ற செய்தியை ஓர் அடிக்குறிப்பில் வைத்தார். அதற்காக அவரை இன்றும் குறை சொல்கிறார்கள். அவர் அடிக்குறிப்பிலாவது வைத்தார். உங்கள் அட்டையில் அந்தக் கால் இருக்கும் மூலையை வெட்டிவிட்டு, எஞ்சிய சூரியனுக்குக் கீழே கவிஞரின் பெயரை வெள்ளை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கால் இருப்பதைப் பார்த்துவிட்டு வெட்டினீர்களா, பார்க்காமலே வெட்டினீர்களா? இரண்டில் எது என்று இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் கவிஞருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்த அட்டைக்கு ஒப்பியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

காப்புரிமை இல்லை என்பது உண்மை. நம் சட்டப்படி எழுதியவரோ வரைந்தவரோ இறந்து 60 ஆண்டு ஆனால் உரிமை முடிந்துவிடுகிறது. டர்னர் 1851இல் இறந்தார். நீங்கள் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை, அதை நான் கேட்கவும் இல்லை. பாரதியின் பாடல்களும் பொதுச் சொத்துதான். அதற்காக ஒரு பாடலின் பாதி வரிகளை வெட்டி, மீதியைத் தலைகீழாக அடுக்கி, "பழைய பாட்டு, நன்றி: இணையம்" என்று போடுவீர்களா? போட்டால் இந்த ஊர் உங்களைச் சும்மா விடுமா? ஓவியம் என்றால் மட்டும் நம்மிடையே யாருக்கும் அந்தக் கோபம் வருவதில்லை. சிற்பத்துக்கும் கோயில் சுவருக்கும் அடுத்தபடியாகக் காலண்டரோடு நம் கண் நின்றுவிட்டது. அதில் அச்சுத் தொழிலாளியான எனக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. நம் ஊரில் உயிரோடு இருக்கிற ஓவியர்களின் கோட்டோவியங்களே பெயர் இல்லாமல் அட்டைக்குப் போகின்றன. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகிவிடும்.

நான் கேட்பவை இவை.

நாவலின் மூன்றாம் பதிப்பில் அந்த வரியை நீக்கிவிட்டு, ஓவியர் பெயர், ஓவியத்தின் முழுத் தலைப்பு, 1842 என்ற ஆண்டு, டேட் பிரிட்டன் என்ற இடம், நான்கையும் போடுங்கள். எழுத்துக் கோப்புக்கு இரண்டு வரிதான் கூடும். "கப்பல் சேதம்" என்ற சொல் எங்கும் இருக்கக்கூடாது, உங்கள் விலைப்பட்டியலிலும் விளம்பரத்திலும்கூட.

படத்தை மூலத்தில் உள்ள திசைக்கே திருப்புங்கள். தலைப்பு எழுத்துக்கு இடம் வேண்டுமென்றால் எழுத்தை நகர்த்துங்கள். முன்னட்டைக்கு முழுப் படமும் அடங்காது என்றால், முதுகைச் சுற்றிப் பின்னட்டை வரை ஓட விடலாம். பின்னட்டைப் புகழுரைகளில் ஒன்றிரண்டைக் குறைத்தால் போதும், வாசகர் யாரும் வருந்தமாட்டார்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் "ஓவியத்தின் ஒரு பகுதி" என்று சொல்லிவிட்டு வெட்டுங்கள். அச்சகத்துக்குக் கோப்பு போகும் முன் மூலப் படத்தோடு நிறத்தை ஒப்பிட்டு ஒரு புரூஃப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவிதைத் தொகுப்பின் அட்டையை மாற்றுங்கள். அந்தப் படத்துக்குப் பெயர் போட்டாலும் போதாது. அது காதல் கவிதைக்குரிய படமே இல்லை. மாற்றும் முன் கவிஞரிடம் என்ன நடந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யாரோ சொல்லி அவர் கேட்க வேண்டாம்.

கிடங்கில் இருக்கும் இரண்டாம் பதிப்புப் பிரதிகளை அழிக்கச் சொல்லவில்லை. தாள் வீணாவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒட்டுச் சீட்டு ஒன்று அச்சிட்டு அந்த வரியின் மேல் ஒட்டினால் போதும். சீட்டுக்கான வாசகத்தை நானே எழுதி இந்த வாரமே உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். அச்சுக்கூலி என்னுடையது. ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் பழைய தோழர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கிடங்குச் சாவியையும் ஒரு மேசையையும் கொடுங்கள், பசை நாங்கள் கொண்டுவருகிறோம்.

மற்ற பதிப்பாளர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த புத்தகக் காட்சிக்கு அச்சுக்குப் போகும் அட்டைகளில் "நன்றி: இணையம்" என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் படத்தை நிறுத்தி வையுங்கள். வரைந்தவர் யார் என்று கண்டுபிடித்த பிறகு அனுப்புங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் வேறு படம் போடுங்கள்.

பதிப்பாளர் அவர்களே, எனக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும். அஞ்சலட்டையில் இரண்டு வரி எழுதினாலும் சரி. என் முகவரி பழைய கடிதத்தில் இருக்கிறது. அது தொலைந்திருந்தால், ஒட்டுச் சீட்டு வாசகத்தோடு மறுபடி எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் அச்சுத் தொழிலாளி,
சென்னை